மூன்று ஓடுகளில் கிடைத்த பெயர்

கடியப்பட்டணத்தில் பிலோமினா என்ற பெயருக்கு யாரும் அர்த்தம் கேட்பதில்லை. மரியாள், தெரசா, சகாயமேரி வரிசையில் அதுவும் ஊரோடு ஊறிப்போன பெயர். முட்டத்துக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவே, வள்ளியாறு கடலில் விழும் இடத்தை ஒட்டிக் கிடக்கும் இந்த மீனவ ஊரில் மட்டுமல்ல, குமரி மாவட்டக் கரையோரக் கத்தோலிக்க ஊர்கள் எதில் போய்ப் பாட்டிமார் பெயர்களைக் கேட்டாலும் ஒரு பிலோமினாவாவது வந்துவிடுவார். வீட்டுக்குள் பிலோமி, வயது ஏறினால் பிலோமினம்மாள்.

இத்தனை பழகிய இந்தப் பெயர், 1802-க்கு முன் கத்தோலிக்க நாடுகளிலேயே அரிது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்குள் ஐரோப்பா முழுக்கப் பரவியது. கப்பல் ஏறி இந்தியாவுக்கும் வந்தது. 1961-இல் ரோமே அந்தப் பெயருக்குரிய புனிதையை வழிபாட்டு நாட்காட்டியிலிருந்து நீக்கியது. பெயர் மட்டும் நீங்கவில்லை.

கடியப்பட்டணத்துக்குக் கிறிஸ்தவப் பெயர்கள் வந்த கதை இதைவிடப் பழையது. 1544-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கரையில், பூவாறு முதல் பள்ளம் வரையிலான முக்குவர் ஊர்களில் நடந்து திரிந்து ஞானஸ்நானம் கொடுத்தார். ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் என்று 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் கணக்குச் சொல்கிறார். அதே கடிதத்தில், பெயர்களைப் பற்றி ஆராய்கிறவர்கள் விட முடியாத ஒரு தகவலும் உண்டு. ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப்பெயரை எழுதிக் கையில் கொடுத்தாராம். முதலில் ஆண்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் மனைவி மக்களை அனுப்ப, அவர்களுக்கும் அதே முறை. வாயில் நுழையாத பெயரை மறந்துவிடாமலிருக்க அது ஓர் ஏற்பாடு.

அப்படி வந்தவையும், பின்னால் போர்ச்சுகீசியர் வழியாகச் சேர்ந்தவையும் நாளடைவில் தமிழ்நாக்குக்கு ஏற்ப மாறின. மரியா மரியாள் ஆனாள். ஜோசப் சூசை ஆனார். மைக்கேல் மிக்கேல் ஆனார். பெண்களுக்குச் சூட்ட ஆண் புனிதர்களின் பெயர்களையும் கரை மக்கள் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள். அந்தோணியார் பெயரோடு அம்மாளைச் சேர்த்தால் அந்தோணியம்மாள். சவேரியம்மாள், சூசையம்மாள், மிக்கேலம்மாள் எல்லாம் அதே வார்ப்பு. கடியப்பட்டணத்துக் கோயில் பேதுருவுக்கும் பவுலுக்கும் உரியது. மீன்பிடித்தவரான பேதுரு மீனவ ஊருக்குப் பாதுகாவலராக அமைந்ததில் வியப்பில்லை. ஆனால் சவேரியார் காலத்துப் பெயர்களில் பிலோமினா கிடையாது. அவள் கிடைக்க இன்னும் 250 ஆண்டுகளுக்கு மேல் ஆகவேண்டியிருந்தது.

ரோம் நகரின் சலாரியா சாலையில் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறைகள் இருக்கின்றன. பழங்காலக் கிறிஸ்தவர்கள் இறந்தவர்களைப் புதைத்த சுரங்கப் பாதைகள் அவை. சுவரில் மாடம் போலக் குடைந்து, உடலை வைத்து, முகப்பைச் சுட்ட ஓடுகளாலோ பலகைக் கல்லாலோ அடைத்துவிடுவார்கள். 1802 மே மாதம் அங்கே தோண்டிக்கொண்டிருந்தவர்களுக்கு மூன்று ஓடுகளால் மூடிய மாடம் ஒன்று தட்டுப்பட்டது. ஓடுகளில் செந்நிற எழுத்து. முதல் ஓட்டில் ‘லூமெனா’, இரண்டாவதில் ‘பாக்ஸ் தே’, மூன்றாவதில் ‘கும் ஃபி’. வரிசையாகப் படித்தால் லத்தீனில் பொருளே வராது. முதல் ஓட்டைத் தூக்கிக் கடைசியில் வைத்துப் படித்தால் வருகிறது: ‘பாக்ஸ் தேகும் ஃபிலூமெனா’, அதாவது சமாதானம் உன்னோடு இருக்கட்டும், பிலோமினா.

எழுத்துகளுக்கு ஊடே சில படங்களும் வரையப்பட்டிருந்தன. நங்கூரம், அம்புகள், குருத்தோலை. உள்ளே பதின்மூன்று, பதினான்கு வயது மதிக்கத்தக்க பெண்ணின் எலும்புகள். கூடவே உடைந்த கண்ணாடிக் குப்பி ஒன்று. அந்தக் காலத்தில் கல்லறையில் குப்பி இருந்தால் அதில் இருந்தது வேதசாட்சியின் இரத்தம் என்று கொள்வார்கள். குருத்தோலை வெற்றியின் அடையாளம். இவற்றை வைத்து, இவள் விசுவாசத்துக்காக உயிர்விட்ட சிறுமி என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

கிடைத்த சான்று அவ்வளவுதான். அவள் யார், யார் மகள், எந்த ஆண்டில் இறந்தாள் என்பதற்கு வேறு எந்தப் பழைய ஏடும் இல்லை.

பெயருக்கு மட்டும் வரலாறு உண்டு. பிலோமினா கிரேக்கப் பெயர். நேசித்தலைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து பிறந்தது; நேசிக்கப்படுகிறவள், அன்புக்குரியவள் என்று பொருள். கிறிஸ்து பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ரோமாபுரி நாடகாசிரியர் தெரன்ஸ், தம் ‘ஹெசைரா’ என்ற நகைச்சுவை நாடகத்தின் இளம் மனைவிக்கு இந்தப் பெயரைத்தான் வைத்தார். கி.பி. 2-ஆம் நூற்றாண்டு ரோமில் அபெல்லஸ் என்ற மாற்றுக்கொள்கை ஆசிரியரோடு சேர்ந்திருந்த, அருள்வாக்குச் சொன்ன பெண்ணொருத்திக்கும் இதே பெயர். அவளைத் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் கடுமையாகச் சாடியிருக்கிறார். ஆக, ரோமில் வாழ்ந்த கிரேக்கக் குடும்பங்களுக்கு இது சாதாரணமாக வழங்கிய பெயர்.

பக்தர்களுக்கு இந்தச் சாதாரணம் போதவில்லை. லத்தீனில் ‘ஃபிலியா’ என்றால் மகள், ‘லூமென்’ என்றால் ஒளி. இரண்டையும் கூட்டி, ஃபிலூமெனா என்றால் ஒளியின் மகள் என்று விளக்கம் சொன்னார்கள். மொழிநூல் இதை ஏற்காது. ஆனால் மறைக்கல்விப் புத்தகங்களிலும் நவநாள் ஏடுகளிலும் நின்றது இந்த விளக்கம்தான்.

அந்த எலும்புகள் மூன்று ஆண்டு ரோமில் கிடந்தன. 1805-இல் நேப்பிள்ஸ் பக்கத்து முஞ்ஞானோ என்ற சிற்றூர்ப் பாதிரியார் பிரான்செஸ்கோ தே லூசியா, தம் கோயிலுக்கு ஒரு புனிதரின் திருப்பண்டம் வேண்டும் என்று கேட்டு அலைந்து அவற்றை வாங்கிக்கொண்டு போனார். ஊரில் அற்புதங்கள் நடந்ததாகப் பேச்சு கிளம்பியது. தே லூசியா அவற்றையெல்லாம் தொகுத்துப் புத்தகமாக்கினார். வாழ்க்கை வரலாறு இல்லாத குறையை 1833-இல் நேப்பிள்ஸ் கன்னியாஸ்திரி மரிய லூயிசா தீர்த்தார். பிலோமினாவே தமக்குச் சொன்னதாக அவர் சொன்ன கதையில், அவள் கிரேக்கச் சிற்றரசன் ஒருவனின் மகள். பேரரசன் தியோக்லேசியன் மணக்கக் கேட்கிறான், மறுக்கிறாள். கழுத்தில் நங்கூரம் கட்டித் தைபர் ஆற்றில் தள்ளுகிறார்கள், சாகவில்லை. அம்பு எய்கிறார்கள், சாகவில்லை. கடைசியில் தலையை வெட்டுகிறார்கள். ஓட்டிலிருந்த படங்கள் ஒவ்வொன்றுக்கும் கதையில் ஓர் இடம் கிடைத்துவிட்டது.

இந்தப் பெயர் இத்தாலியைத் தாண்டியதற்குக் காரணம் பவுலின் ழரிக்கோ என்ற பிரெஞ்சுப் பெண். லியோன் நகரத்துப் பட்டு வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். வெளிநாட்டு மிஷன்களுக்கு உதவ எளிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தவர். ஒருவர் பத்துப் பேரைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒரு ‘சூ’ காசு தர வேண்டும். பத்துக் குழுக்கள் சேர்ந்தால் ஒரு நூறு, பத்து நூறுகள் சேர்ந்தால் ஓர் ஆயிரம். ஆலைத் தொழிலாளிப் பெண்களிடம் திரட்டத் தொடங்கிய இந்தச் சில்லறைதான் 1822-இல் விசுவாசப் பரம்புதல் சங்கமாக உருவெடுத்து, ஆசிய மிஷன்களுக்கும் பணம் அனுப்பியது. புதுச்சேரியிலும் மைசூரிலும் வேலை செய்த பிரெஞ்சுப் பாதிரிமாருக்கும் அதில் பங்கு வந்தது.

ழரிக்கோவுக்கு இதய நோய் முற்றியிருந்தது. 1835-இல் நாற்காலியில் தூக்கிச் செல்லும் நிலையில் ரோமுக்குப் போனார். அவர் பிழைக்கமாட்டார் என்றே திருத்தந்தை பதினாறாம் கிரகோரி எண்ணினார். முஞ்ஞானோ போய் நடந்து திரும்பி வந்தால் பிலோமினாவின் வழிபாடு பற்றி யோசிப்போம் என்பதாகப் பேச்சு முடிந்தது. ஆகஸ்டு 10-ஆம் தேதி முஞ்ஞானோவில் அவர் எழுந்து நடந்தார். 1837-இல் பிலோமினா திருநாளைப் பொதுவில் கொண்டாடக் கிரகோரி அனுமதி கொடுத்தார். ஆகஸ்டு 11 அவளுக்குரிய நாள் ஆனது. ழரிக்கோ பிரான்சுக்குக் கொண்டுபோன திருப்பண்டத்தில் ஒரு பகுதி ஆர்ஸ் என்ற கிராமத்துப் பங்குத்தந்தை ஜான் மரிய வியான்னியின் கைக்குப் போயிற்று. தம்மிடம் நடந்த அற்புதங்களுக்கெல்லாம் பிலோமினாவே காரணம் என்று அவர் சொல்ல, அவரைத் தேடி வந்த கூட்டம் அந்தப் பெயரை ஊர் ஊராகக் கொண்டு சென்றது. குமரி மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு வியான்னி என்று பெயர் இருக்கிறதே, அது இவர் பெயர்தான்.

இந்தியாவில் பிலோமினா தடம் பதித்த பழைய இடங்களில் ஒன்று, கொச்சிக்கு வடக்கே கூனம்மாவு. அங்குள்ள புனித பிலோமினா ஆலயம் 1837-இல், கார்மல் சபை மிஷனரிகள் காலத்தில் எழுந்தது. புனித சாவரா குரியாக்கோஸ் எலியாஸ் 1871-இல் உயிர்விட்டதும் அந்த வளாகத்தில்தான். மலையாளக் கரையில் வேலை செய்த அதே கார்மல் சபையாரே தெற்கே குமரிக் கரைவரை ஆன்மிகப் பொறுப்பில் இருந்தார்கள். கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து 1930-இல் கோட்டாறு தனி மறைமாவட்டம் ஆகும்வரை, கடியப்பட்டணம் போன்ற ஊர்களின் கோயில் தொடர்பு மேற்கேதான் இருந்தது.

அவள் பெயரில் இந்தியாவில் பெரிதாக நிற்கும் கட்டடம் மைசூரில் இருக்கிறது. அரண்மனைச் செயலராக இருந்த தம்புச்செட்டி, இந்தியாவுக்கான திருத்தந்தையின் பிரதிநிதி பீட்டர் பிசானியிடமிருந்து 1926-இல் பிலோமினாவின் திருப்பண்டம் ஒன்றைப் பெற்றார். 1933 அக்டோபர் 28-இல் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் புதுப் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தை ஒட்டிய வடிவம், 175 அடி இரட்டைக் கோபுரம், பலிபீடத்துக்குக் கீழே நிலவறையில் திருப்பண்டம். அதே தம்புச்செட்டி குடும்பத்தில் பிறந்து பாரிஸ் போய் மேற்கத்திய வயலின் கற்று மேடையேறிய பெண்மணியின் பெயரும் பிலோமினாதான். மைசூரில் கல்லூரி, பெங்களூரில் மருத்துவமனை, புத்தூரில் கல்லூரி, தஞ்சாவூரில் பிலோமினா நகர் என்று பெயர் ஊர்களின் வரைபடத்திலும் ஏறியது.

குழந்தைகளுக்கு இந்தப் பெயர் இவ்வளவு தாராளமாக விழுந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1917-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஞானஸ்நானத்தில் கிறிஸ்தவப் பெயர் வைக்கும்படி பங்குத்தந்தை பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. பெற்றோர் வேறு பெயரில் பிடிவாதமாக நின்றால், கூடவே ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்து, இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும். வீட்டில் ஒரு பெயர், கோயில் பதிவேட்டில் ஒரு பெயர் என்று பலர் இரட்டைப் பெயரோடு வாழ்ந்தது இப்படித்தான். 1983-இல் வந்த புதுத் தொகுப்பு இதைத் தளர்த்தியது. கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயரைத் தவிர்த்தால் போதும். மலர்விழியும் தமிழ்ச்செல்வியும் அதே பெயரோடு ஞானஸ்நானத் தொட்டிக்கு வர முடிந்தது.

புனிதையின் மேல் சந்தேகம் எழுந்தது பக்தர்களிடமிருந்தல்ல, தொல்லியலாளர்களிடமிருந்து. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒராசியோ மருக்கி என்ற இத்தாலிய அறிஞர் அந்த மூன்று ஓடுகளைத் திரும்ப ஆராய்ந்தார். ஓடுகள் வரிசை மாறியிருந்தது கொத்தனாரின் அவசரத்தால் அல்ல என்பது அவர் வாதம். அவை முதலில் பிலோமினா என்ற வேறொருத்தியின் கல்லறையை மூடியிருந்தவை. பிற்காலத்தில் இன்னொரு பெண்ணைப் புதைத்தபோது பழைய ஓடுகளை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எழுத்துக்கும் உள்ளே கிடப்பவளுக்கும் தொடர்பில்லை என்று காட்டவே ஓடுகளை முன்பின்னாக வைத்தார்கள். குப்பியில் இருந்தது இரத்தமாக இருக்கவேண்டியதில்லை, நறுமணத் தைலமாகவும் இருக்கலாம் என்ற கருத்தும் வலுத்தது. அப்படியானால் பெயர் ஒருத்தியுடையது, எலும்பு இன்னொருத்தியுடையது. மருக்கியின் வாதத்தை மறுத்தவர்களும் உண்டு. முஞ்ஞானோ கோயிலார் இன்றுவரை பழைய வரலாற்றையே சொல்கிறார்கள்.

1961 பிப்ரவரி 14-ஆம் தேதி, வழிபாட்டு நாட்காட்டிகள் எல்லாவற்றிலிருந்தும் பிலோமினா திருநாளை எடுத்துவிடும்படி ரோம் ஆணையிட்டது. தனிப்பட்ட பக்திக்குத் தடை போடவில்லை; யாரும் பெயரை மாற்றிக்கொள்ளும்படியும் சொல்லவில்லை. கரையோரத்தில் அதற்குள் நிலைமை வேறாகியிருந்தது. கோயில் நாட்காட்டியைப் பார்த்துப் பெயர் வைத்த தலைமுறை போய், பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கும் தலைமுறை வந்திருந்தது. அப்பாவைப் பெற்றவள் பிலோமினா என்றால், மூத்த பெண்குழந்தைக்கு அந்தப் பெயர் விழும். பேத்திக்குப் பெயர் வைக்க ரோமின் அனுமதி எதற்கு?

இதற்கு இலக்கியத்திலேயே நல்ல சாட்சி இருக்கிறது. நாட்காட்டியிலிருந்து பெயர் போய்ப் பதினாறு ஆண்டு கழித்து, 1977-இல், வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவல் வந்தது. களம் மணப்பாடு, கடியப்பட்டணத்துக்குக் கிழக்கே, குமரிமுனையைச் சுற்றிக்கொண்டு போனால் வரும் இன்னொரு கத்தோலிக்க மீனவ ஊர். தகப்பன் குரூஸ் மிக்கேல், காதலன் சாமிதாஸ், நடுவில் நிற்கும் பெண் பிலோமி. எந்த அற்புதமும் நிகழாத, வீட்டுத் துயரத்தையும் தன் துயரத்தையும் சேர்த்துச் சுமக்கிற கடற்கரைப் பெண்ணுக்கு எழுத்தாளர் தேர்ந்த பெயர் அது. தமிழ் வாசகர்கள் பலருக்குப் பிலோமி என்றதும் நினைவுக்கு வருகிறவள் ரோமாபுரிச் சிறுமி அல்ல, இவள்தான்.

வெளிநாடுகளிலும் பெயர் இப்படியே புனிதையை விட்டு விலகி நடந்தது. முஞ்ஞானோவுக்குப் பக்கத்து நேப்பிள்ஸில் அது தெருவுக்கு ஒரு பெண்ணின் பெயர். அந்நகர நாடகாசிரியர் எதுவார்தோ தே பிலிப்போ 1946-இல் எழுதிய ‘ஃபிலூமெனா மர்த்துரானோ’வின் நாயகி, மூன்று பிள்ளைகளை வளர்க்கப் போராடும் முன்னாள் பாலியல் தொழிலாளி. 1964-இல் சோஃபியா லோரன் அந்த வேடத்தைத் திரையில் ஏற்றார். அயர்லாந்தில், மணமாகாமல் தாயானதால் மடத்தில் வைத்துக் குழந்தையிடமிருந்து பிரிக்கப்பட்ட பிலோமினா லீயின் உண்மைக் கதை 2013-இல் ‘பிலோமினா’ என்றே படமானது. மலையாள ரசிகர்களுக்கோ பிலோமினா என்றால் ‘காட்ஃபாதர்’ படத்தில் ஆனப்பாற அச்சம்மாவாக நடித்த நடிகை.

குமரிக் கரையில் இந்தப் பெயருக்குப் போட்டியாக வந்தவை முதலில் வேறு புனிதர்கள். 1925-இல் புனிதர் பட்டம் பெற்ற குழந்தை தெரேசாவால் தெரசாக்களும் சிறுமலர்களும் பெருகினார்கள். லூர்து, பாத்திமா, வேளாங்கண்ணி என்று மாதா தோன்றிய தலங்கள் லூர்துமேரி, பாத்திமாமேரி, ஆரோக்கியமேரிகளைத் தந்தன. அடுத்துச் சினிமா. கடியப்பட்டணத்துக்கு அடுத்த ஊரான முட்டத்தில் பாரதிராஜா எடுத்த ‘அலைகள் ஓய்வதில்லை’யின் (1981) நாயகி பழைய மரபுப்படி மேரி. ஐந்தே ஆண்டில் அதே கரையில் எடுத்த ‘கடலோரக் கவிதைகள்’ படத்து டீச்சரின் பெயர் ஜெனிஃபர். அது புனிதர் பெயரே அல்ல. ஆர்தர் அரசனின் மனைவி குவினவீர் பெயர் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் திரிந்து உண்டானது.

பிலோமினா இப்போது ஆண்பிள்ளைக்கும் ஆகிறது. கடைசி எழுத்தை நறுக்கினால் பிலோமின். ‘ராஜ்’ சேர்த்தால் போதும். ‘கைதி’, ‘மாஸ்டர்’, ‘விக்ரம்’ படங்களின் எடிட்டர் பிலோமின் ராஜின் பெயரைத் திரையில் பார்த்திருப்பீர்கள். அந்தோணியை அந்தோணியம்மாள் ஆக்கிய வழக்கம் எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது.

பெயரைத் தாங்கி நிற்கும் மூத்த பெண்களுக்கு இன்று இருக்கும் தலைவலி வேறு. தமிழில் ‘ஃ’ போடுவதா வேண்டாமா, ‘மி’யா ‘மெ’யா, இறுதியில் ‘ள்’ உண்டா இல்லையா என்பதில் அலுவலகத்துக்கு அலுவலகம் கை மாறும். ரேஷன் கார்டில் பிலோமினம்மாள், ஆதாரில் பிலோமினாள், வங்கிப் புத்தகத்தில் பிலோமினா. ஓய்வூதியத்துக்கோ வாரிசுச் சான்றிதழுக்கோ போகும்போதுதான் விஷயம் வெளியே வரும். மூவரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த கவுண்ட்டரில் வரிசையில் நிற்க வேண்டும்.